பதினான்காம் நாற்காலி

நூலகப் படிப்பின் முதல் நாள் வகுப்பில் சாருலதா மேடம் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். எத்தனையோ படிப்பு இருக்க, நீங்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? இருபத்துநான்கு பேர் இருந்தோம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் நான்தான் முதலில் மாட்டினேன். ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் படபடப்பு ஒரு பக்கம் இருந்தாலும், பதில் தயாராக இருந்தது. மாதுங்காவிலிருந்து ரயிலில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். சின்ன வயதிலிருந்தே புத்தகங்கள்தான் எனக்குத் துணை, ஒவ்வொரு புத்தகமும் ஒரு ஜன்னல், அந்த ஜன்னல்களை அடுத்த தலைமுறைக்குத் திறந்துவிட ஆசை என்று இங்கிலீஷில் சொன்னேன். இரண்டு பேர் கை தட்டினார்கள். எனக்கே கண் லேசாகக் கலங்கிவிட்டது. பொய் சொல்லும்போது எனக்கு எப்போதும் அப்படித்தான்.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் என் ஜன்னலையே கதவாகவும் பாலமாகவும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒல்லியான பெண் மட்டும் எழுந்து நின்று, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, இந்தியில் ஒரே வரி சொன்னாள். உட்கார இடம் கிடைக்கும், அதனால். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். மேடம் மட்டும் சிரிக்காமல் தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். என் ஜன்னலை அவர் குறித்துக்கொள்ளவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மறுநாள் காலை மாதுங்காவில் ரயில் ஏறியதும், பெண்கள் பெட்டியின் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை என் பையைப் பிடித்து இழுத்தது.

"மாமி, இங்கிட்டு வாங்க. இந்தப் பச்ச டிரெஸ் தாதர்ல இறங்குது. உங்களுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கடைசி வரிசைப் பெண்தான். பெயர் கோகிலவாணி. தாராவியில் வீடு. எனக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் சயானில் ஏறுகிறாள். முதல் நாள் சாயங்காலம் நான் மாதுங்காவில் இறங்கியதைப் பார்த்து வைத்திருக்கிறாள். நான் தமிழ் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"உங்க இங்கிலீஷக் கேட்டாலே தெரியுதே மாமி."

மும்பை லோக்கலில் பெண்கள் பெட்டிக்கு என்று ஒரு சட்டம் உண்டு. ஏறியவுடன் யாரும் காலி இடம் தேடுவதில்லை. உட்கார்ந்திருப்பவளிடம் எங்கே இறங்குவாய் என்று கேட்பார்கள். அவள் பைகுல்லா என்றால், பைகுல்லாவில் அந்த இடம் கேட்டவளுக்குச் சொந்தம். உனக்கு முன்பே ஒருத்தி கேட்டிருந்தால், அவள் எங்கே இறங்குவாள் என்று அவளிடம் கேட்டு, அவளுக்குப் பின்னால் சொல்லி வைக்கலாம். எழுத்தில் எதுவும் கிடையாது. ஆனால் பொய் ஸ்டேஷன் சொன்னவளை அந்தப் பெட்டி ஒரு மாதத்துக்கு மன்னிக்காது. கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் ஸ்டெனோவாக இருந்தபோது நானும் இந்தச் சட்டத்தில் ஊறியவள்தான். ஆனால் கோகிலவாணியின் வேகம் வேறு. சயானுக்கும் மாதுங்காவுக்கும் நடுவில் இருக்கும் மூன்று நிமிஷத்தில் அவள் நாலு பேரிடம் விசாரித்து, எனக்கும் தனக்கும் இடம் சொல்லி, மிச்சத்தை நிற்கிற கர்ப்பிணிக்குக் கொடுத்திருப்பாள்.

சில மாதம் அப்படிப் போய் வந்ததில் அவள் வீட்டை நான் பார்க்காமலேயே அளந்துவிட்டேன். பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை. அம்மா பேராச்சி இட்லிக்கு மாவரைத்து, அவித்து, விடிவதற்குள் தெருவில் தூக்கிப்போய் விற்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறவள். கிரைண்டர் வீட்டுக்குள்ளேயே ஓடும். மேலே மரப்பலகை போட்ட மாடியில் மாரிக்கண்ணன் மாமா ஸ்கூல் பை தைக்கிறார். மூன்று தையல் மெஷின்கள். கிரைண்டர் நின்றால் மெஷின் தொடங்கும். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாலு சந்து தள்ளி இருந்த படிப்பறைக்குப் போன கோகிலா, பிறகு வீட்டுக்குத் தூங்கத்தான் போகிறாளாம்.

அது கோயில் டிரஸ்டின் மாடியில் இருக்கும் அறை. மராத்தியில் அப்யாசிகா என்று போர்டு போட்டிருக்கும். இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் உண்டு, ஆனால் யாரும் அதைத் தொடுவதில்லை. எல்லோரும் பேங்க், ரயில்வே, போலீஸ் என்று ஏதாவது பரீட்சைக்குத் தங்கள் கைடையே கொண்டு வந்து படிக்கிறவர்கள். கோகிலாவும் பி.காம் முடித்து மூன்று வருஷம் பேங்க் பரீட்சை எழுதினாள். மூன்று தரமும் நூலிழையில் போனது.

"அப்பொதான் ஒரு நா தோணிச்சு மாமி. இங்கன உக்காந்து படிச்சு, பாஸாகி, வேற எங்கயோ போயி உக்காரதுக்குப் பதிலா, இங்க உக்காரதுக்கே சம்பளம் வாங்கினா என்ன? சீதா ரோடு, நேரா ஒரே வழி. நடுவுல மாறி ஏற வேண்டாம்லா."

புத்தகம் படிக்கப் பிடிக்குமா என்று கேட்டேன்.

"தூக்கம் வரும். ஆனா யாரு எதப் படிக்காவ, எவன் படிக்கிற மாதிரி ரீல்ஸ் பாக்கான், எவளுக்கு வீட்டுல சண்டை, எல்லாம் முதுகப் பாத்தே சொல்லிருவேன்."

ஒரு நூலகரிடம் இருக்க வேண்டிய பண்புகள் என்று எங்கள் பாடத்தில் பதினோரு பாயிண்ட் இருந்தது. முதுகு அதில் இல்லை.

இரண்டாவது செமஸ்டரில் மேடம் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆய்வு கொடுத்தார். எங்களுக்குக் கிடைத்தது, மாணவர்கள் ஏன் நூலகப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான். என்னையும் கோகிலாவையும் வேண்டுமென்றேதான் சேர்த்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் அழகாக ஒரு படிவம் டைப் அடித்தேன். புத்தக ஆர்வம், வேலை உத்தரவாதம், குடும்பத்தார் ஆலோசனை, சமூக சேவை, மற்றவை என்று ஐந்து கட்டம். எங்களைத் தவிர்த்த இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் புத்தக ஆர்வத்தில் டிக் அடித்துக் கொடுத்தார்கள். நான் உடனே முடிவுரை எழுத உட்கார்ந்துவிட்டேன். கோகிலா படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது ஆவாது மாமி. பேப்பர நீட்டிக் கேட்டா எவ நெசத்தச் சொல்லுவா? நான் கேக்குத மாதிரி கேட்டுட்டு வாரேன். நாலு நா குடுங்க."

அவள் ரயிலில் கேட்கிற மாதிரியே கேட்டாள். கான்டீனில் டீ ஆறுவதற்குள், பாத்ரூம் வரிசையில், பஸ் ஸ்டாப்பில். இந்தப் படிப்பு முடிந்ததும் எங்கே இறங்கப் போகிறாய் என்பதுதான் கேள்வி. பதில்கள் வந்தன. பி.எட். கிடைக்காததால் வந்தேன். கணக்கு இல்லாத படிப்பு இது ஒன்றுதான். எங்கள் அத்தை காலேஜ் லைப்ரேரியன், நாலரைக்கு வீட்டில் இருப்பாள், அவளைப் பார்த்து வந்தேன். கல்யாணம் தள்ளிப்போட ஒரு வருஷம் வேண்டியிருந்தது. திக்குவாய், டீச்சராக முடியாது, ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரவும் மனசில்லை. நாசிக்கிலிருந்து வந்த பையன் ஒருவன், லைப்ரரியில் ஏ.சி. இருக்கும் என்று சொன்னானாம். அந்த ஜன்னல்காரர்கள் எல்லோரும் இப்படித் தரையில் இறங்கி வந்ததும், எனக்கு ஒவ்வொருவரையும் முதன்முதலாகப் பிடித்துப்போனது.

"இருவத்திரெண்டு ஆச்சு," என்றாள் கோகிலா. வி.டி. ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். "நான் முதல் நாளே சொல்லிட்டேன். பாக்கி ஒரு ஆளு. நீங்க எங்க இறங்கணும் மாமி?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு வந்து போனது. பிறகு சொன்னேன். என் கணவர் ஹரிக்கு கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனது, அப்படியே நிலைத்துவிட்டது. ஹாலில் அவர் மேஜை, அவர் கேமரா, கேமராவில் தெரிகிற சுவர். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை மீட்டிங். நான் குக்கர் வைத்தால் கை காட்டுவார். மிக்ஸி போட்டால் எழுந்து வந்து கதவைச் சாத்துவார். போனில் அக்காவோடு பேச நான் மொட்டைமாடிக்குப் போகிறேன். திட்டமாட்டார், பாவம், உதட்டில் விரல் வைத்து ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்கு அழுகை வரும். ஐந்து வருஷமாக என் வீட்டில் நான் நுனிக்காலில் நடக்கிறேன்.

"ஒரு நாளாவது நான் இன்னொருத்தரப் பாத்து ஷ்ஷ்னு சொல்லணும்டி," என்றேன். "அதுக்குத்தான் வந்தேன்."

கோகிலா சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்தாள். உட்கார இடம் என்று முதல் நாள் அவள் சொன்னதற்கு நேரே ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டாள். என்னுடையது மூன்று படுக்கையறை வீடு. அவளுடையதை என் சமையலறையில் வைத்துவிடலாம். இரண்டையும் ஒரே வரிசையில் எழுதியதில் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

ஆய்வில் சேர்ப்பதற்காக அவளுடைய படிப்பறையைப் பார்க்கப் போனேன். முதலில் வீட்டுக்கு அழைத்துப்போனாள். பேராச்சி எனக்கு ஸ்டூலைப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டாள். "உக்காந்தே இருக்கதுக்கும் ஒரு படிப்பா மாமி? நான் நின்னமானிக்கே இருவத்தஞ்சு வருசம் மாவாட்டிட்டேன்," என்றாள். குரலில் கிண்டலைவிடப் பெருமைதான் அதிகம். ஆனாலும் ஒரு கெடு இருந்தது. அடுத்த தீபாவளிக்குள் வேலை கிடைக்கவில்லை என்றால், மேலே மாமாவிடம் பைக்கு ஜிப் வைத்துத் தைக்க உட்கார வேண்டும். ஜிப் தைக்கிறவன் ஊருக்குப் போகிறான், ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

படிப்பறையில் முப்பத்திரண்டு நாற்காலிகள். இடம் தேடி வருகிறவர்கள் எண்பது பேராவது இருப்பார்கள். முன்பெல்லாம் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பார்களாம், கைக்குட்டை படித்துக்கொண்டிருக்கும், ஆள் டீக்கடையில் இருப்பான், தினம் அடிதடி. கோகிலாதான் ஒரு வழி செய்திருக்கிறாள். தையல் கடையில் துணியில் குறி போடுகிற சாக்கட்டியை மாமாவிடம் ஒரு டப்பா வாங்கி வாசலில் வைத்தாள். உட்காருகிறவர் தனக்கு முன்னால் மேஜை விளிம்பில் எழுந்திருக்கப் போகிற நேரத்தை எழுத வேண்டும். காத்திருப்பவர் அதன் கீழே தன் பெயரை எழுதிவிட்டு வெளியே போய்விடலாம், அந்த நேரத்துக்கு வந்தால் போதும். மூன்றாவது ஆளும் எழுதலாம். சரியான நேரம் எழுத வேண்டும். இப்போ எந்திரிச்சிடுவேன், கொஞ்ச நேரம் என்றெல்லாம் எழுதினால் நாற்காலி போய்விடும். மேஜை விளிம்பு முழுக்க நீலத்திலும் சிவப்பிலும் தேவநாகரியும் தமிழும் இங்கிலீஷுமாக நேரங்களும் பெயர்களும். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற பதினான்காம் நாற்காலிக்கு முன்னால் மட்டும் ஆறு பெயர் இருந்தது.

அந்த அறையில் சத்தமே இல்லை. யாரும் யாரையும் அதட்டவும் இல்லை. ஆறரை ஆனதும் ஒரு பையன் எழுந்தான், எங்கிருந்தோ ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், விளிம்பில் பழைய நேரத்தைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டுத் தன் நேரத்தை எழுதினாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. பாடப் புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் படித்தும் எனக்குப் புரியாதது, அந்த மேஜை விளிம்பில் புரிந்தது. திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியேதான் பேசினேன். அவள் கூச்சப்பட்டு, "இது ரயில்ல உள்ளதுதான மாமி. சாக்கட்டி மட்டுந்தான் எங்க மாமாவுது," என்றாள்.

படிப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து, செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர் வேலை காலி என்று அவள்தான் எனக்கு விளம்பரத்தை அனுப்பினாள். ஒரே ஒரு இடம். நீ போடு, நான் எதற்கு என்றேன். போடுங்க மாமி, ரெண்டு பேருல யாருக்கு வந்தாலும் வேத்தாளுக்குப் போவாதுல்லா என்றாள். நான் இரண்டு தரம் மறுக்கவில்லை. உள்ளூர எனக்கு அந்த வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது இன்டர்வியூ புடவைக்குக் கஞ்சி போட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

குர்லாவில் ரயில் மாறி, இரண்டு பேரும் சேர்ந்தேதான் போனோம். நூலகத்துக்கு வெளியே மூன்று பேர் உட்காருகிற பெஞ்சு, நாங்கள் நாலு பேர் வந்திருந்தோம். லோக்கலில் செய்கிற மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து கோகிலா நாலாவதாக விளிம்பில் ஒட்டிக்கொண்டாள். என்னை முதலில் கூப்பிட்டார்கள்.

உள்ளே எல்லாப் புத்தகமும் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருந்தது. பிரின்ஸிபல் கறாரான அம்மாள், ஆனால் சிரிக்கத் தெரிந்தவர். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். ஜன்னலைத் திறந்தேன். தலையாட்டிவிட்டு, பேனாவை மூடப்போனார். அதே பதிலை அவர் இருநூறு தரம் கேட்டிருப்பார். பிறகு போனால் போகிறது என்கிற மாதிரி இன்னொன்று கேட்டார். ஆயிரத்தைந்நூறு குழந்தைகள், நாற்பது நாற்காலி, இடைவேளையில் ஒரே தள்ளுமுள்ளு, அதனால்தான் பூட்டி வைத்திருக்கிறோம், நீங்கள் என்ன செய்வீர்கள்?

பேனாவை மூடும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அந்தக் கணத்தில் என் வாய் தானாகத் திறந்து, மேஜை விளிம்பு, சாக்கட்டி, எழுந்திருக்கும் நேரம், கீழே அடுத்த பெயர் என்று ஒன்றுவிடாமல் சொன்னது. பதினெட்டு வருஷ ஸ்டெனோ இங்கிலீஷ், தடுக்காமல் வந்தது. ஒரு தோழி செய்வதைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேன். அதற்குள் பிரின்ஸிபல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, எழுத ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்த்து ஒருவர் குறித்துக்கொள்வது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நடந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாகப் போன கோகிலா பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். குர்லா ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"நம்ம சாக்கட்டியச் சொன்னேன் மாமி. அந்த மேடம் சிரிச்சாவ. ரெண்டு பேரும் சேந்து பிரிப்பேர் பண்ணிட்டு வந்தியளான்னு கேட்டாவ. எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. திலக் நகரில் ஒருத்தி ஏறி அவளிடம், கஹாங் உதர்னா ஹை, எங்கே இறங்கணும் என்று கேட்டாள். குர்லா என்று சொல்லிவிட்டு, இடத்தை அப்போதே எழுந்து அவளுக்குக் கொடுத்தாள். மிச்சத் தூரம் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சயானில் இறங்கும்போது, "வாரேன் மாமி," என்று எப்போதும் போலத்தான் சொன்னாள்.

நாலாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. வேலை எனக்குத்தான். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் இருக்கலாம், நாளை மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், உங்கள் அந்த யோசனையைத் திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம் என்றார் பிரின்ஸிபல். மொட்டைமாடியில் நின்று கேட்டேன். கீழே வந்து, ஹரியின் மீட்டிங் முடியும்வரை காத்திருந்து சொன்னேன்.

"பேஷ், பேஷ்," என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "பகல்ல கூரியர் வந்தா யாரு வாங்கிப்பா?" என்றார்.

அந்தக் கேள்வி இல்லாவிட்டால் நான் அன்றைக்கே மறுத்திருப்பேனோ என்னவோ. எனக்கு அந்த வேலை முன்னைவிடவும் வேண்டும் என்று இருந்தது. ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை. கோகிலாவிடமிருந்து திருடிய ஒன்றை வைத்துக்கொண்டு, கோகிலாவுக்குக் கிடைக்காத ஒன்றில் போய் உட்காரப் போகிறேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. பிடித்த பெண்ணுக்கு இப்படிச் செய்துவிட்டேனே என்று நினைக்கும்போதெல்லாம், அந்த நாற்பது நாற்காலிகளும் சேர்ந்தே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டும் ஒரே அளவுக்கு நின்றன.

மறுநாள் மத்தியானம் படிப்பறைக்குப் போனேன். கோகிலா அலமாரிக்குப் பக்கத்தில் பேப்பர்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இது அவளுக்குச் சம்பளமில்லாத வேலை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆச்சரியமாகப் பதினான்காம் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார வைத்தாள். விசிறிக் காற்று நேராக உச்சந்தலையில் இறங்கியது. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் மெதுவாகத்தான் பேசினேன், அந்த அறையில் அப்படித்தான் பேச முடியும்.

"வேலை எனக்கு வந்துடுத்து கோகிலா."

"சரி மாமி."

"அந்தச் சாக்கட்டி விஷயத்த நான்தான் முதல்ல சொன்னேன். உன்னோடதுன்னு சொல்லல. சொல்லியிருக்கணும். வாய்வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன்."

"தெரியும் மாமி. அந்த மேடம் சிரிச்சப்பவே தெரியும். உங்களத் தவிர வேற யாரு இங்க வந்து பாத்திருக்காவ?"

அவள் குரலில் கோபம் இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. நான் அழுதேன். இந்தத் தடவை பொய்யாக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. முன்னால் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான். கோகிலா அவனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள், உடனே திரும்பிக்கொண்டான்.

"நான் அவாகிட்ட போன் பண்ணி, வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றேன்.

"சொன்னா எனக்கா தருவாவ? அந்த ரெண்டு பேருல ஒருத்திக்குப் போவும். நல்ல எடத்த வேத்தாளுக்கு விட்டுட்டு இறங்காதிய." கொஞ்ச நேரம் விரல் நகத்தில் இருந்த நீலத்தைச் சுரண்டினாள். "அந்த மேடத்துக்கிட்ட உள்ளதச் சொல்லுங்க. இது யாரு செஞ்சது, அவ பேரென்ன, எங்க இருக்கான்னு. அது வேணும் எனக்கு. பொறவு ஒண்ணு."

எழுந்து போய் வாசல் டப்பாவிலிருந்து ஒரு சாக்கட்டி எடுத்து வந்தாள். எனக்கு முன்னால் மேஜை விளிம்பை உள்ளங்கையால் துடைத்தாள். முதல் வரிக்கு இடம் விட்டுவிட்டு, அதன் கீழே தன் பெயரை எழுதினாள். நோட்டில் எப்போதும் இங்கிலீஷில் எழுதுகிறவள், எனக்காக என்று நினைக்கிறேன், தமிழில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பிறகு சாக்கட்டியை என் கையில் வைத்தாள்.

"எப்ப எந்திரிப்பியன்னு எழுதுங்க மாமி. அதுவரைக்கும் ஜிப்பு தச்சுக்கிட்டு இருந்துக்கிடுதேன். ஆனா கரெக்டா எழுதணும். கொஞ்ச நாள்ல, பாக்கலாம், அதெல்லாம் இங்க கெடையாது."

ஐம்பத்தெட்டுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. வருகிற மார்ச்சோடு பள்ளிக்கூடத்து வருஷம் முடிகிறது. கைப்பையில் போன் அதிர்ந்தது, அநேகமாகச் செம்பூராகத்தான் இருக்கும். நான் சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் விரலெல்லாம் நீலமானது.

அப்போது போலீஸ் பரீட்சை கைடோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். காலி நாற்காலி எதுவும் இல்லை. வரிசையாக விளிம்புகளைப் படித்துக்கொண்டே வந்து எங்கள் மேஜையில் நின்றாள். கோகிலாவின் பெயரைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் பென்சில் பையிலிருந்து தன் சிவப்புச் சாக்கட்டியை எடுத்து, அதன் கீழே தேவநாகரியில் தன் பெயரை எழுதினாள். மேலே முதல் வரி காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, என் பக்கத்தில் வந்து நின்றாள்.